லகோட்டா பேருங்களக் குழம்பாமப் படிக்கிறது எப்படி: ஒரு மூணாறு தலைப்புக் கணக்கு

போன மே மாசம் அக்கா பையன் நீடாமங்கலம் வந்திருந்தப்ப கையில ஒரு நோட்டு, ஸ்கூல்ல ஏதோ க்விஸ், அமெரிக்கப் பழங்குடிகள்னு டாபிக் குடுத்திருக்காங்க. தொறந்து பாத்தா சூ, டகோட்டா, லகோட்டா, டீட்டன், ஓக்லாலா, ப்ரூலே, சிச்சாங்குன்னு ஏழு பேர எழுதி ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு "ஏழு இனங்கள்"னு தலைப்பு வச்சிருக்கான். இது எப்படி இருக்குன்னா காவேரி, வெண்ணாறு, கோரையாறு, கொள்ளிடம், கோலரூன்னு எழுதி அஞ்சு ஆறுன்னு மார்க் வாங்க நெனைக்கிற மாதிரி. கொள்ளிடமும் கோலரூனும் ஒண்ணுதான்டா, வெள்ளக்காரன் வாய்ல அப்படி வந்துச்சு, கோரையாறு வெண்ணாத்துலேர்ந்து பிரியுது, எல்லாத்தையும் ஒரே வரிசையில நிக்க வச்சா எப்படின்னு கேட்டேன். "அப்ப எப்படி மாமா படிக்கிறது?"ன்னான். அவனுக்குச் சொன்னதத்தான் இங்க எழுதுறேன், அவன மாதிரி குழம்புனவங்க நெறைய பேர் இருப்பீங்க.

மனப்பாடம் பண்ணாதீங்க, படம் போடுங்க. நாங்க ஆத்துல எறங்கி மணல்ல குச்சிய வச்சுப் போட்டோம், மேட்டூர் தொறக்காத மாசம் மணலுக்கு என்ன பஞ்சம். பேப்பர்ல போட்டாலும் சரிதான். ஒவ்வொரு பேருக்கும் ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. இது எந்த தலைப்புல, அதாவது ஆறு கிளையாப் பிரியுற எந்த எடத்துல, வர்ற பேரு? இத யாரு வச்சாங்க? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா முக்கால்வாசி குழப்பம் ஓடிப்போயிரும்.

மேல ஒரு பெரிய ஆறு போட்டு அதுக்கு ஓச்சேத்தி ஷகோவின்னு எழுதிக்குங்க. ஷகோவின்னா ஏழு, மொத்தமா ஏழு சபை நெருப்புன்னு அர்த்தம். அதாவது ஏழு கூட்டம், ஆளுக்கொரு அடுப்பு மாதிரி. இந்த ஆறு மூணாறு தலைப்புக்கு வருது. எங்க ஊர்ப் பக்கம் வெண்ணாறு வந்து கோரையாறு, பாமணியாறுன்னு பிரிஞ்சு மிச்சம் வெண்ணாறாவே போகுதுல்ல, அதே மாதிரி இங்கயும் மூணு கிளை. கெழக்குக் கிளை டகோட்டா, சான்டீன்னும் சொல்லுவாங்க, அதுல நாலு கூட்டம்: ம்டேவாகான்டன், வாஹ்பெகுட்டே, வாஹ்பெட்டன், சிசெட்டன். நடுக் கிளையில ரெண்டு: யாங்க்டன், யாங்க்டனாய். மேற்குக் கிளையில ஒண்ணே ஒண்ணு, அதுதான் லகோட்டா. நாலும் ரெண்டும் ஒண்ணும் ஏழு. கணக்கு முடிஞ்சுது.

டகோட்டா, லகோட்டா ரெண்டும் வேற வேற வார்த்தையான்னா இல்ல, ஒரே வார்த்தைதான், உச்சரிப்புதான் மாறுது. கெழக்க ட போடுற எடத்துல மேற்க ல வரும். சிநேகிதனுக்கு அங்க கோடா, இங்க கோலா. நம்ம ஊர்லயே ஒருத்தர் வாழப்பழம்பாரு, பக்கத்து ஊர்க்காரர் வாளப்பளம்பாரு, அதுக்காக ரெண்டு பழமா? அர்த்தமும் ஒண்ணுதான், சிநேகமா சேந்திருக்கிறவங்க, கூட்டாளிங்கன்னு. பழைய புஸ்தகங்கள்ல நடுக் கிளைக்கு நகோட்டான்னு போட்டிருப்பான், ட, ல, ன ன்னு மூணு மூணா அழகா இருக்குன்னு எல்லாரும் அதையே காப்பி அடிச்சாங்க. அது தப்பு. யாங்க்டன், யாங்க்டனாய் ஆளுங்க தங்கள டகோட்டான்னுதான் சொல்லிக்கிறாங்க. ன போட்டுப் பேசுறது அசினிபாயின், ஸ்டோனின்னு எப்பவோ பிரிஞ்சு வடக்க போன ஒறவுக்காரங்க. க்விஸ்ல நகோட்டான்னு ஆப்ஷன் வந்தா உஷாரா இருங்க.

இப்பதான் பையன் மாட்டுன எடம். மேற்குக் கிளையான லகோட்டா கீழ போய் மறுபடி ஏழாப் பிரியுது. ஏழுக்குள்ள ஒரு ஏழு. மேல உள்ள ஏழையும் கீழ உள்ள ஏழையும் கலந்துட்டா அவ்வளவுதான், யாராலயும் பிரிக்க முடியாது. அதனால ரெண்டாவது தலைப்ப மேல உள்ளதுலேர்ந்து நல்லா தள்ளி வரைங்க.

கீழ் ஏழு: ஓக்லாலா, சிச்சாங்கு, ஹுங்க்பாப்பா, மினிக்கோஜு, ஸிஹாஸாப்பா, இட்டாஸிப்சோ, ஓஹேநூம்பா. வாய்ல நொழையலன்னு பயப்படாதீங்க, அர்த்தம் தெரிஞ்சா தானா ஒட்டிக்கும், ஏன்னா எல்லாமே பட்டப்பேரு மாதிரிதான். ஓக்லாலான்னா தன்னோடதத் தானே எறைக்கிறவங்க. சிச்சாங்குன்னா தொடை வெந்தவங்க, புல்வெளியில தீப்பிடிச்சப்ப நெருப்புல பூந்து ஓடுனதால வந்த பேருன்னு சொல்றாங்க. இட்டாஸிப்சோ வில்லு இல்லாதவங்க. ஓஹேநூம்பா ரெண்டு கொதி, ரெண்டு பானைன்னு வச்சுக்குங்க. ஸிஹாஸாப்பா கறுப்புப் பாதம். எனக்குப் புடிச்சது ரெண்டு. ஒண்ணு மினிக்கோஜு, அர்த்தம் தண்ணி ஓரத்துல நடுறவங்க. எருமையத் தொரத்திக்கிட்டு குதிரையில திரிஞ்ச சனம், பேருல பாத்தா நம்ம ஆளு மாதிரி நடவு நட்டுக்கிட்டு இருக்கு! பேரு பழசுல நின்னு போச்சு, பொழப்பு மாறிடுச்சு. இன்னொண்ணு ஹுங்க்பாப்பா. கூடாரமெல்லாம் வட்டமாத்தான் போடுவாங்க, வட்டத்துக்கு ஒரு வாசல் இருக்கும், அந்த வாசல் முனையில கூடாரம் போடுற உரிமை உள்ளவங்க இவங்க. மேலத்தெரு ஆளுங்க, கீழத்தெரு ஆளுங்கன்னு நாம சொல்றோமே, எடமே பேராப் போச்சு.

ஒரு கண்ணி வேற இருக்கு. ஸிஹாஸாப்பாவ இங்கிலீஷ்ல ப்ளாக்ஃபூட்னு போடுவான். மோன்டானாலயும் கனடாலயும் ப்ளாக்ஃபீட்னு தனியா வேற ஒரு சனம் இருக்கு, பாஷையே வேற குடும்பம், லகோட்டாவோட பலமுறை சண்ட போட்டவங்க. பேரு ஒத்துமையப் பாத்து ரெண்டையும் சேத்துடாதீங்க. ஸாப்பான்னா கறுப்புங்கறத மட்டும் நோட்ல குறிச்சுக்குங்க, ப்ளாக் ஹில்ஸ் மலைக்கு அவங்க சொல்ற ஹே ஸாப்பாவுலயும் அதே கறுப்புதான். மினின்னா தண்ணி, மினசோட்டா, மினியாப்பொலிஸ் ரெண்டுலயும் அந்தத் தண்ணிதான் இருக்கு.

இந்த ஏழோட ஆறு நிக்கல, கடைமடை வரைக்கும் போகணும். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளயும் தியோஷ்பாயேன்னு சின்னச் சின்னக் குழு. ஒரு பெரியவர், அவரோட பங்காளிங்க, பொண்ணு கட்டுனவங்க, வந்து ஒட்டிக்கிட்டவங்கன்னு சேந்து கூடாரம் போடுற ஒறவுக்கூட்டம். நெசமான வாழ்க்கை இங்கதான், வேட்டை, சாப்பாடு, சண்ட, சமாதானம் எல்லாம். வகையறான்னு நாம சொல்றதுக்குக் கிட்ட வரும், ஆனா சாதின்னு மட்டும் படிக்காதீங்க. ஒரு பெரியவரப் புடிக்கலன்னா குடும்பத்தோட கூடாரத்தப் புடுங்கிக்கிட்டு இன்னொரு குழுவுக்குப் போயிடலாம், கூட்டம் விட்டு கூட்டம் கல்யாணம் சர்வசாதாரணம். ரெட் க்ளவுட்னு ஓக்லாலாக்களோட பெரிய தலைவர், அவங்கப்பா சிச்சாங்கு, அம்மா ஓக்லாலா. யாரும் அதப் பெருசா எடுத்துக்கல.

ஒறவுமொறைதான் இங்க சிமென்ட்டு, அத விட்டுட்டு பிரிவுப் பேர மட்டும் படிச்சா கரையில்லாத வாய்க்கா மாதிரி. இதுல நமக்கு ஒரு லாபம் இருக்கு, வெள்ளக்காரன் மண்டைய ஒடைச்சுக்கிட்ட விஷயம் நமக்குப் பொறந்ததுலேர்ந்து தெரியும். லகோட்டால அப்பாவுக்கு ஆத்தே, அப்பாவோட அண்ணன் தம்பிக்கும் ஆத்தேதான், பெரியப்பா சித்தப்பா மாதிரி அவங்களும் அப்பாதான். அம்மா இனா, அம்மாவோட அக்கா தங்கச்சியும் இனா. ஆனா அம்மாகூடப் பொறந்தவர் லெக்ஷி, அப்பாகூடப் பொறந்தவங்க துன்வின், மாமா அத்தைன்னு தனித்தனி. அண்ணன் தம்பி பிள்ளைய ஆம்பள தன் பிள்ளன்னே கூப்பிடுவான், அக்கா தங்கச்சி பையனுக்கு மட்டும் துன்ஷ்கான்னு வேற வார்த்தை. "அப்ப நான் துன்ஷ்கா, நீங்க லெக்ஷி"ன்னான் பையன். இங்கிலீஷ்ல ரெண்டு பக்கத்துக்கும் அங்கிள், எல்லாத்துக்கும் கசின், அதுல வளந்தவனுக்கு இதப் புரிய வைக்க ஒரு மணி நேரம் ஆகும், இவனுக்கு ரெண்டு நிமிஷம். மச்சானுக்கு தன்ஹான், மாமா பையன் அத்தை பையனுக்கு தன்ஹான்ஷி, ஒரு ஷி மட்டும் கூட. நமக்கு ரெண்டு பேருமே மச்சான்.

லூயிஸ் ஹென்றி மார்கன்னு ஒரு அமெரிக்க வக்கீல், இராக்வாய்ங்கற வேற ஒரு அமெரிக்கப் பழங்குடி சனங்களோட ஒறவுமொறையையும் தமிழ் ஒறவுமொறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு அசந்து போய் 1871ல எழுதி வச்சாரு. ஒடனே குமரிக்கண்டத்துலேர்ந்து கப்பல் போச்சுன்னு கெளம்பிடாதீங்க, ஒரே மாதிரி ஒறவுமொறை உலகத்துல பல மூலையில தனித்தனியா இருக்கு. அதுவும் போக ஒரு பெரிய வித்தியாசம், அவங்ககிட்ட மொறப்பொண்ணக் கட்டுற வழக்கம் கெடையாது, அத்தை பொண்ணு மாமா பொண்ணோட கேலி பேசலாம், கல்யாணம் கூடாது. இதக் கேட்டதும் எங்க அக்கா "அப்ப சொத்து வெளிய போயிடுமே"ன்னுச்சு. நெலத்துக்குப் பட்டா போடாத சனத்துக்கு என்ன சொத்து வெளிய போகும்.

ரெண்டாவது கேள்விக்கு வருவோம், யாரு வச்ச பேரு. தரங்கம்பாடிய ட்ராங்க்பார்னும் திருச்சிராப்பள்ளிய ட்ரிச்சினாபொலின்னும் மேப்புல போட்டாங்கல்ல, அந்த மாதிரிதான் சூங்கறதும். இது அவங்க பேரே இல்ல. பக்கத்துல இருந்த ஒஜிப்வே, ஒட்டாவா ஆளுங்க இவங்களச் சொன்ன வார்த்தைய பிரெஞ்சுக்காரன் நதுவெஸ்ஸூன்னு எழுதி, கடைசித் துண்ட மட்டும் ஒடைச்சு சூன்னு வச்சுக்கிட்டான். சின்னப் பாம்புன்னு அர்த்தம்னு ரொம்ப காலமா சொல்றாங்க, வேற பாஷை பேசுறவங்கன்னுதான் மூல அர்த்தம்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க சிலபேர் சொல்றாங்க. எதுவா இருந்தாலும் அடுத்தவன் வச்ச பேரு. டீட்டன்னு வந்தா அதுவும் லகோட்டாதான், புல்வெளியில குடியிருக்கிறவங்கன்னு அர்த்தம் வர்ற தீதுன்வான்ங்கற சொந்த வார்த்தையோட சிதைவு. ப்ரூலேன்னா பிரெஞ்சுல எரிஞ்சது, அதாவது அதே சிச்சாங்கு. சான்ஸ் ஆர்க்னு பாத்தா இட்டாஸிப்சோ. பையனோட நோட்டுல இருந்த ஏழு இனம் இப்படியே கொறைஞ்சு கொறைஞ்சு கடைசியில ஒரே ஆத்தோட கிளைன்னு ஆயிடுச்சு.

ஆளுங்க பேருலயும் இதே வம்புதான். ஓக்லாலாக்கள்ல தாஷூன்கே கோகிபாபின்னு ஒரு தலைவர், இங்கிலீஷ்ல தன் குதிரையப் பாத்துப் பயப்படுற ஆளுன்னு மொழிபெயர்த்துட்டான். நெசத்துல அர்த்தம் தலைகீழு: அவன் குதிரையப் பாத்தாலே எதிரிக்கு ஒதறல். பாவம், வரலாறு பூரா மனுஷன் பயந்தாங்கொள்ளி மாதிரி நிக்கிறாரு. அப்பறம் ஒரே பேர் ரெண்டு பேருக்கு வரும். தாதாங்கா இயோதாக்கே, சிட்டிங் புல், உக்காந்திருக்கிற எருமைக்கெடா. ஹுங்க்பாப்பா கூட்டம். சின்ன வயசுல மெதுவானவன்னு பட்டப்பேரு, பதினாலு வயசு வாக்குல மொத சண்டையில வீரம் காட்டுனதும் அவங்கப்பா தன்னோட பேரையே தூக்கி மகனுக்குக் குடுத்துட்டு தான் வேற பேர் வச்சுக்கிட்டாரு. க்ரேஸி ஹார்ஸ், தாஷூன்கே வித்கோ, அவருக்கும் அப்பா பேரு இப்படித்தான் வந்துச்சு. நாம தாத்தா பேர பேரனுக்கு வைப்போம், அவங்க உயிரோட இருக்கும்போதே கழட்டிக் குடுத்துடுறாங்க. அதனால ஒரு பேரப் பாத்தா எந்த வருஷம்னு பாத்துட்டு யாருன்னு முடிவு பண்ணுங்க.

வருஷம்னதும் ஒண்ணு சொல்லணும். அவங்க வருஷத்துக்கு நம்பர் போடல, ஒரு பனிக்காலத்துலேர்ந்து அடுத்த பனிக்காலம் வரைக்கும் ஒரு வருஷம், அதுக்கு ஒரு சம்பவம், ஒரு படம். பெரியவங்க கூடி எந்தச் சம்பவம்னு முடிவு பண்ணுவாங்க, ஒருத்தர் எருமைத் தோல்ல வரைஞ்சு காப்பாத்துவாரு. யாங்க்டனாய் ஆளு லோன் டாக் வச்சிருந்த தோல்ல 1800லேர்ந்து 1871 வரைக்கும் நடுவுலேர்ந்து சுத்திச் சுத்தி வரும். எங்க பெரியம்மா மட்டும் என்ன, "கஜா அடிச்ச வருஷம் மாடி போட்டோம், சுனாமி வருஷம் இவன் பொறந்தான்"னுதான் பேசும், 2018, 2004ன்னு அது வாய்ல வந்ததே இல்ல. லகோட்டாக்காரங்களுக்கு அப்படி ஒண்ணு நட்சத்திரம் கொட்டுன வருஷம். 1833 நவம்பர்ல வானமே உதிர்ந்த மாதிரி எரிகல் மழை பேஞ்சுது, பல கூட்டத்தோட தோல்லயும் அது இருக்கு, அத வச்சுத்தான் மத்த வருஷத்த எண்ணிப் புடிச்சாங்க. படிக்கும்போது 1833-34ன்னு ரெண்டு வருஷமா எழுதுங்க, நம்ம சித்திரை வருஷம் மாதிரி அதுவும் ரெண்டு இங்கிலீஷ் வருஷத்துல கால வச்சிருக்கும்.

வரலாற சுருக்கமா ஓட்டிடுறேன். 17ஆம் நூற்றாண்டுல இவங்க மினசோட்டா ஏரிப் பக்கம் இருந்தாங்க, ஒஜிப்வே கையில துப்பாக்கி வந்ததும் நெருக்கடி, மேற்க எருமையும் இருந்துச்சு, 18ஆம் நூற்றாண்டுல குதிரை கெடைச்சதும் மிசௌரி ஆத்தத் தாண்டிட்டாங்க. ஓக்லாலா தலைவர் அமெரிக்கன் ஹார்ஸ் வச்சிருந்த கணக்குப்படி ப்ளாக் ஹில்ஸ்க்கு வந்தது 1775-76. அவங்க ஐதீகமோ, அந்த மலையில உள்ள விண்ட் கேவ் குகையிலேர்ந்துதான் மனுஷங்களே வெளிய வந்தாங்கன்னு சொல்லுது. ரெண்டையும் எழுதுங்க, ஒண்ண அடிச்சுட்டு ஒண்ண எழுதாதீங்க.

பிரிவு தெரியலன்னா என்ன ஆகும்னு பாக்கணும்னா 1854 ஆகஸ்ட்டப் படிங்க, இத நான் பையனுக்கு ரெண்டு தடவ சொன்னேன். 1851ல லாரமி கோட்டையில ஒப்பந்தம் போட்டப்ப அரசாங்கத்துக்குக் கையெழுத்து வாங்க ஒரே ஒரு தலைவர் வேணும். அதனால கான்கரிங் பேர்ங்கற (இங்க பேர்னா கரடி) சிச்சாங்கு ஆள மொத்த லகோட்டாக்கும் தலைவர்னு அரசாங்க ஆளுங்களே அறிவிச்சுட்டாங்க. அப்படி ஒரு பதவியே அவங்ககிட்ட கெடையாது. மூணு வருஷம் கழிச்சு, குடியேற வந்த ஒருத்தரோட மாடு தப்பிச்சு வருது, சிச்சாங்கு கூடாரத்துல விருந்தாளியா தங்கியிருந்த ஒரு மினிக்கோஜுக்காரன் அத அடிச்சுட்டான். தலைவர் போய் மாட்டுக்குப் பதிலா குதிரை தர்றேங்கறாரு. வெவகாரம் அதோட முடிஞ்சிருக்கணும், நம்ம ஊர்ல வயல்ல மாடு மேஞ்சா பஞ்சாயத்துல தண்டம் கட்டிட்டுப் போறதுதான். க்ராட்டன்னு ஒரு சின்ன வயசு லெப்டினன்ட், 29 சிப்பாயும் பீரங்கியுமா வந்து, ஆளப் புடிச்சுக் குடுன்னு நிக்கிறான். அவரு எப்படிக் குடுப்பாரு? அந்த ஆளு அவரோட கூட்டமே இல்ல, அதுக்கு மேல விருந்தாளி வேற. சிப்பாய்ங்க சுட ஆரம்பிச்சாங்க, கான்கரிங் பேருக்கு உயிர் போற காயம், பதிலடியில க்ராட்டனோட படை மொத்தமும் காலி. ஒரு மாட்டுல ஆரம்பிச்ச சண்ட, அடுத்த முப்பத்தாறு வருஷம் விட்டு விட்டு ஓடுச்சு.

அதுக்கப்பறம் வர்றதுக்கெல்லாம் பேரோட கூட்டத்தையும் சேத்து எழுதுங்க. 1866லேர்ந்து 1868 வரைக்கும் ரெட் க்ளவுட் நடத்துன போர், ஓக்லாலா, அரசாங்கம் அங்க கட்டுன கோட்டைங்கள விட்டுட்டுப் போய் 1868ல லாரமியில மறு ஒப்பந்தம், ப்ளாக் ஹில்ஸ் லகோட்டாக்கேன்னு. 1874ல கஸ்டர்ங்கற அமெரிக்க ராணுவ அதிகாரி படையோட போய் தங்கம் இருக்குன்னு சொல்ல, ஒப்பந்தம் காத்துல போச்சு. 1876 ஜூன் 25ல லிட்டில் பிக்ஹார்ன் ஆத்தங்கரையில கஸ்டர் செத்தாரு, அங்க ஹுங்க்பாப்பா, ஓக்லாலா, மினிக்கோஜுன்னு பல கூட்டமும் ஷயான்ங்கற வேற சனமும் சேந்து இருந்தாங்க. 1877ல மலையப் புடுங்கிக்கிட்டாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல க்ரேஸி ஹார்ஸ காவல்ல வச்சே குத்திட்டாங்க. 1890 டிசம்பர் 15ல சிட்டிங் புல்ல சுட்டுக் கொன்னாங்க, டிசம்பர் 29ல வூண்டட் நீங்கற எடத்துல ராணுவம் படுகொலை பண்ணுச்சு. அங்க செத்தது பெரும்பாலும் பிக் ஃபுட்டோட மினிக்கோஜு குழு, பொம்பளைங்க கொழந்தைங்க உள்பட இருநூத்தைம்பதுக்கு மேல. எடம் என்னவோ ஓக்லாலாக்களோட பைன் ரிட்ஜ் ரிசர்வேஷன், அதாவது அரசாங்கம் அவங்களுக்குன்னு ஒதுக்குன நெலம், அதனால செத்தவங்களும் ஓக்லாலான்னு நெறைய பேர் எழுதிடுறாங்க.

இன்னைக்கு எந்த ரிசர்வேஷன்ல யாருன்னும் மேப்புல குறிச்சுக்குங்க: பைன் ரிட்ஜ் ஓக்லாலா, ரோஸ்பட்டும் லோயர் ப்ரூலேயும் சிச்சாங்கு, ஸ்டாண்டிங் ராக் ஹுங்க்பாப்பாவும் கூடவே யாங்க்டனாயும், ஷயான் ரிவர் மினிக்கோஜு உள்பட மிச்ச நாலும். பெரும்பாலும் சவுத் டகோட்டாவுலதான். 2016ல பைப்லைன எதிர்த்து தண்ணிதான் உயிருன்னு உக்காந்தாங்களே, அது ஸ்டாண்டிங் ராக்.

கடைசியா பையன் கேட்டான், சூங்கறது அடுத்தவன் வச்ச பேருன்னா அத நோட்டுலேர்ந்து அடிச்சுடவான்னு. அடிக்காதன்னேன். ஓக்லாலா சூ ட்ரைப்னுதான் இன்னைக்கும் அரசாங்கக் காகிதத்துல இருக்கு, ஒப்பந்தமெல்லாம் அந்தப் பேர்லதான். ப்ளாக் ஹில்ஸ் கேஸ்ல 1980ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, மலைக்கு நியாயமான ஈடு தராம எடுத்தது தப்பு, வட்டியோட பத்து கோடி டாலருக்கு மேல குடுன்னு தீர்ப்பு சொன்னதும் சூ நேஷன்ங்கற பேருக்குத்தான். பணத்த வாங்கல, மலைதான் வேணும்னுட்டாங்க, அது வட்டி குட்டி போட்டு நூறு கோடி டாலரத் தாண்டிக் கெடக்கு. எங்க வீட்டு நெலத்துப் பட்டாவுலயும் தாத்தா பேர யாரோ ஒரு ரைட்டர் தப்பாத்தான் எழுதி வச்சிருக்காரு, வீட்டுல யாரும் அவர அப்படிக் கூப்பிட்டதில்ல, ஆனா வாய்க்கா வரப்புத் தகராறுன்னு வந்தா அந்தத் தப்புப் பேரு போட்ட காகிதத்தத்தான் எடுத்துக்கிட்டு ஓடுறோம். அதனால நோட்டுல சூவ அடிக்காம, பக்கத்துல சின்னதா "காகிதப் பேரு"ன்னு எழுத வச்சேன்.